பயமில்லை என்று நான் எழுதிய நாட்கள்

என் வாயைப் பொறுத்துக்கொண்டு பதினாலு வருஷம் குடும்பம் நடத்திய என் பார்வதிக்கு,

நமக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். மூன்று மாசம் முடிந்துவிட்டது. மூக்கு அப்படியே உன் மூக்கு. அழுகிறபோது மட்டும் என் குரல் என்று அச்சுக்கூடத்து ஆட்கள் கேலி பண்ணுகிறார்கள். வந்து பார்க்கத்தான் உனக்குக் கொடுத்துவைக்கவில்லை. கொடுத்துவைக்கவில்லை என்று விதியின் தலையில் போட்டு நானும் ஆறு வருஷம் தப்பித்துவிட்டேன். இனி அப்படிச் சொல்ல எனக்கு வாயில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது முறை. தாயில்லாத வீட்டுக்கு நம் கனகத்தை அனுப்பக் கெலிஓயாவில் இருக்கிற சம்பந்தியம்மாவுக்கு மனசில்லை, முறையை விடவும் மனசில்லை. கடைசியில் அனுப்பிவைத்தார்கள். கண்டியில் நம் இரண்டு அறை வீட்டில், நீ கிடந்த அதே அறையில்தான் அவளும் கிடந்தாள். பிள்ளை பிறந்துவிட்டது, உதிரம் மட்டும் நிற்கவில்லை. மருத்துவிச்சி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நான் ஓடிப்போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து மேட்டில் இருக்கிற யாழ்ப்பாணத்து டாக்டரம்மாவை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். எந்தச் சாமி பெயரும் வாயில் வரவில்லை.

பிழைத்துக்கொண்டாள். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, யாரிடம் பேசுவது என்று சுற்றிப் பார்த்தார்.

"ஒரு பொம்பிளையும் இல்லையே வீட்டில? அப்ப உங்களுக்குத்தான் சொல்லவேணும். இந்தப் பிள்ளைக்கு மூண்டு வருஷத்துக்கு இன்னொரு பிரசவம் கூடாது. அவவுடைய உடம்பு தாங்காது. பிறகு நான் வந்தும் பிரயோசனமில்லை."

நான் தலையை ஆட்டினேன். இதே வார்த்தையை உன்னைப் பற்றியும் ஒரு வைத்தியர் என்னிடம் சொல்லியிருக்கிறாரே. அன்றும் இப்படித்தான் தலையை ஆட்டினேன்.

முப்பதாம் நாள் பேர் வைக்கச் சம்பந்தியம்மா வந்தார். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, "இது மகாலட்சுமி. வருஷம் திரும்புறதுக்குள்ள ஒரு சிங்கக்குட்டியப் பெத்துக் குடுத்துட்டேன்னா என் கண்ணு குளிர்ந்துரும் தாயி" என்றார். நல்ல மனுஷிதான், வஞ்சகம் கிடையாது. கனகம் குனிந்துகொண்டு சிரித்தாள். மூன்றாம் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அழைத்துப்போக வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதுவரை அவள் என் வீட்டில் இருக்கிறாள், அதற்கப்புறம் புருஷன் வீட்டில். இரண்டுக்கும் நடுவில் யாராவது அவளுக்குச் சொல்லவேண்டும். யார் சொல்வது? நீ இருந்திருந்தால் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டே நாலு வார்த்தையில் சொல்லி முடித்திருப்பாய்.

போன மாசம் அவள் ட்ரங்குப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைத் துணிகளுக்கு அடியில் ஒரு பெரிய தாள் மடித்துக் கிடந்தது. என் கண்ணில் பட்டதும் முந்தானையை இழுத்து மூடினாள். மூடினால் எனக்குத் தெரியாதா? நானே அச்சுக் கோத்த ஒற்றைத்தாள் கலண்டர். நம் அலுமாரிக் கதவின் உள்பக்கம் நீ ஒட்டி வைத்திருந்தாயே, அது.

உண்மையைச் சொல்கிறேன், பார்வதி. அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. பெண் தானாகவே வழியைக் கண்டுபிடித்துக்கொண்டாள், அப்பன் வாய் திறக்கவேண்டியதில்லை என்று நினைத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

இதை அச்சில் போடப்போகிறேன், படிக்கிறவர்களுக்கு அந்தத் தாளின் கதை தெரியாது. நாலு பெற்று, இரண்டைப் பறிகொடுத்து, நீ சுண்ணாம்புச் சுவரைப் போல வெளுத்துப்போயிருந்த காலம். கடைசி மகன் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தான்; அப்புறம் அவனும் தங்கவில்லை, கனகம் ஒருத்திதான் மிஞ்சினாள். இன்னொரு பிள்ளை என்றால் நீ தங்கமாட்டாய் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். என்ன செய்வதென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு துரை பங்களாவிலிருந்து கிழிந்த புத்தகங்கள் அட்டை கட்ட வந்தன. அதில் ஒன்று இங்கிலீஸ் வைத்தியப் புத்தகம். தைத்துக்கொண்டே படிப்பது என் பழக்கம். பெண்ணுக்கு மாசத்தில் சில நாள் கரு தங்காது என்று ஒரு பக்கத்தில் இருந்தது. தீட்டு வந்த நாளிலிருந்து பதினாலு நாள் விலகி இருக்கவேண்டும், பதினைந்திலிருந்து இருபத்தைந்துவரை தடையில்லை, அப்புறம் மறுபடி விலகவேண்டும் என்று கணக்காகப் போட்டிருந்தார்கள். எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து கலண்டரை விரித்து உனக்குப் பாடம் நடத்தினேன். நீ தீட்டு வந்த அன்று அந்தத் தேதியில் ஒரு குங்குமப் பொட்டு வைக்கவேண்டும். யார் பார்த்தாலும் ஏதோ நேர்த்தி என்று நினைப்பார்கள். பொட்டிலிருந்து எண்ணித் தடையில்லாத நாட்களுக்குச் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவது என் வேலை. தாளின் அடியில் என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி வைத்தேன்: "பொட்டு வைத்த நாளிலிருந்து பதினைந்தாம் நாள் முதல் இருபத்தைந்தாம் நாள்வரை பயமில்லை."

நீ அப்போதே ஒன்று சொன்னாய். "தலைக்குக் குளிச்ச நாள்லேருந்து பதினாறு ராத்திரிக்குக் கரு நிக்கும்னு எங்க ஆத்தா சொல்லும். நீங்க சொல்றது அதுக்கு உள்ளயில்ல வருது?"

நான் சிரித்தேன். "உங்க ஆத்தா எந்தக் காலேஜில படிச்சாங்க?" என்றேன். நீயும் சிரித்துவிட்டு எழுந்து போனாய். அந்தச் சிரிப்பு எனக்கு ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஒத்துக்கொண்டாயா, இவனோடு பேசி ஆகப்போவதில்லை என்று விட்டுவிட்டாயா?

ஒரு வருஷத்துக்குக் கிட்ட ஒன்றும் நடக்கவில்லை. அச்சுக்கூடத்தில் என் பீற்றலுக்கு அளவில்லை. இரண்டு பேருக்கு அதே நாட்களை எழுதிக் கொடுத்தேன். அவர்கள் வீட்டில் என்ன ஆயிற்றோ, ஆட்களும் இப்போது ஊரில் இல்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். என்னைப் போல இரண்டையும் ஒருத்தனே செய்ததில்லை.

பிள்ளைக்கு மருந்து வாங்கப் போன வாரம் டாக்டரம்மாவிடம் போனேன். மருந்தைக் கலந்துகொண்டே, "மகளுக்கு விளங்கப்படுத்தினீங்களோ, இல்லையோ?" என்று கேட்டார்.

"அதெல்லாம் அவளுக்குத் தெரியும் டாக்டரம்மா. நடுமாசத்து நாளாப் பார்த்து இருந்துக்குவாங்க" என்றேன், எல்லாம் தெரிந்த பெரிய மனுஷனாக.

அவர் குப்பியைக் கீழே வைத்தார். "ஆர் சொன்னது?"

புத்தகத்தைச் சொன்னேன், நீயும் நானும் அதை நம்பி இருந்ததையும் சொன்னேன். என்னைக் கதிரையில் உட்காரச் சொன்னார். "அந்த நாளில டொக்டர்மாரும் அப்பிடித்தான் நம்பினவை. உங்கட பிழையில்லை. ஆனா அது தலைகீழ் ஐயா. அடுத்த தீட்டு வாறதுக்கு ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்கு முன்னம்தான் கரு தங்குற காலம். நீங்கள் பயமில்லை எண்டு சொல்லுறியள் பாருங்கோ, அந்த நாளுகள்தான் பயப்படவேண்டிய நாளுகள்."

"அப்ப ஒரு வருஷம் சரியா இருந்துச்சே?" என்று கேட்டேன்.

"உங்கட மனுசி அப்ப பால் குடுத்தவவோ? அப்ப அதுதான் கொஞ்ச நாள் காப்பாத்தியிருக்கும். அதையும் நம்பேலாது. பால் குடுக்கேக்கையே, தீட்டு வர முன்னமே பிள்ளை தங்கினதும் இருக்கு."

அப்புறம் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் மேசைக் காலைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். ஆண்பிள்ளைக்கு ரப்பர் உறை இருக்கிறதாம். மருந்துக் கடையில் விற்கிறார்களாம், கேட்க வெட்கப்பட்டே பாதிப் பேர் பிள்ளை பெறுகிறார்களாம். பெண்ணுக்கு உள்ளே வைக்கிற ரப்பர் மூடி ஒன்று இருக்கிறது. அதைக் கடையில் சும்மா வாங்கிவிட முடியாது, டாக்டர் அளவு பார்த்து, வைக்கவும் எடுக்கவும் பழக்கிக் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் அளவு மாறும். வசதியில்லாதவர்கள் பஞ்சை எண்ணெயிலோ வினாகிரிக் காடித் தண்ணீரிலோ நனைத்து வைக்கிறார்கள், அது அவ்வளவு நிச்சயமில்லை. புருஷன் கடைசி நேரத்தில் விலகிக்கொள்வது ஒன்றும் செய்யாமலிருப்பதற்குத் தேவலை, ஆனால் அவன் நிதானத்தை நம்பிப் பெண்ணின் உயிரை வைக்கவேண்டியிருக்கிறது. நாள் எண்ணுவதைச் சரியாகவே எண்ணினாலும் பிரசவமான உடம்புக்குப் பொருந்தாது, தீட்டு ஒழுங்காக வர மாசக்கணக்காகும். கலைக்கிறதற்கென்று அன்னாசியும் வேரும் தின்றவர்களைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பற்றியும் சொன்னார். அப்போது மட்டும் அவர் குரல் மாறிற்று.

"ஒண்டும் நூற்றுக்கு நூறு இல்லை. ஆனா மூடியும் உறையும் சேர்ந்தால் நல்ல காவல். ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. வெக்கத்தில இருந்தால் பிறகு என்னைத் தேடி ஓடிவரவேணும், தெரியும்தானே?" என்றார்.

இவ்வளவும் உலகத்தில் இருந்திருக்கிறது, பார்வதி. உறை அப்போதும் இருந்திருக்கிறது. நம் அச்சுக்கூடத்திலிருந்து நாலு கடை தள்ளி மருந்துக் கடை. நான் ஒரு நாள் உள்ளே நுழைந்து வாய் திறந்து கேட்டிருந்தால்? ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற வாய், அங்கே மட்டும் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. கனகம் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "என்னாப்பா, முகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்றாள். "வெயில்" என்றேன். வானம் மூடிக்கொண்டு தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் ரயிலேறி நாவலப்பிட்டிக்கு, என் அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரு பெண்பிள்ளை வாயால் சொன்னால் நல்லதென்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எட்டுப் பெத்தவ. என்கிட்ட எவன் வந்து கணக்குச் சொன்னான்? நாக்குல பல்லப் போட்டு ஒரு சின்னப் புள்ளகிட்ட இதப் பேசச் சொல்றியா?" என்றாள். உள்ளே போகப் போனவள் திரும்பி, "ஒன் கணக்குக் கணக்குன்னுதானே அவளும் போனா" என்றாள்.

"யாரு?"

"பார்வதிதான். வலி எடுத்துக் கிடந்தப்ப என் கையப் புடிச்சுக்கிட்டா. 'அவர் எழுதி வச்சது சரிதான் மதினி, நான்தான் பொட்டத் தப்பா வச்சுட்டேன், அவர யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க'ன்னு சொன்னா. இத ஒன்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுதுன்னு விட்டுட்டேன்."

எனக்கு அது புதுசில்லை. அந்த வார்த்தையை உன் வாயில் போட்டதே நான்தானே. நாள் தள்ளிப்போனதை நீ அடுப்படியில் நின்று சொன்னபோது நான் என்ன சொன்னேன்? "எண்ணத் தெரியாத ஜென்மம். ஒரு பொட்டு வைக்கத் துப்பில்ல." அப்படியே சொன்னேன். நீ கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தாய். மறுபடி மறுபடி எண்ணினாய். அந்த ஏழு மாசமும் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் திருடி அகப்பட்டவளைப் போல ஒதுங்கினாய். நீயும் போய், உன்னோடு பிள்ளையும் போய், சுடுகாட்டிலிருந்து திரும்பி வரும்போதும் என் மனசின் ஒரு மூலையில் 'சரியாக எண்ணியிருக்கலாமே' என்றுதான் இருந்தது. என்னை என்ன செய்தால் தகும்?

புதன்கிழமை கனகம் பக்கத்து வீட்டுக்குப் போன நேரம் பெட்டியைத் திறந்து தாளை எடுத்தேன். உன் பொட்டுகள் மங்கிப்போய் இருந்தன, ஆனால் இருந்தன. ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒரு பொட்டுக்கும் அடுத்த பொட்டுக்கும் நடுவே முப்பத்திரண்டு நாள். அடுத்தது முப்பத்து மூன்று. மறுபடி முப்பத்திரண்டு. கடைசிப் பொட்டுவரைக்கும் ஒரு நாள்தான் முன்பின். தப்பாக வைக்கிற கைக்கு அந்த ஒழுங்கு வராது. டாக்டரம்மா சொன்னபடி அடுத்த பொட்டிலிருந்து பதினாலு நாளைப் பின்னோக்கி எண்ணிக் கழித்தேன். பதினெட்டு, பத்தொன்பது. என் சிவப்புக் கோட்டுக்கு உள்ளேயே வந்து நின்றது. உன் ஆத்தாவின் பதினாறு ராத்திரியையும் எண்ணினேன். அது அந்த நாளைத் தாண்டித்தான் முடிந்தது.

தாளைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கனகம் வந்துவிட்டாள். தாளைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சிவந்தது. ஓடப் பார்த்தாள்.

"உக்காரு கனகம். இது உனக்கு யார் குடுத்தது? அம்மாவா?"

"இல்லப்பா. அம்மா போனப்புறம் அலுமாரியில இருந்து நானா எடுத்து வச்சேன். அப்ப எதுக்குன்னு தெரியாது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் வெளங்குச்சு." தாளின் அடியைக் காட்டி, "கீழ உங்க கையெழுத்து இருந்துச்சு. பயமில்லைன்னு எழுதியிருந்துச்சு. அதான்" என்றாள்.

அதான். ஆறு வருஷமாக அந்தப் பிள்ளைக்குத் தாயும் தகப்பனுமாக இருந்து நான் சம்பாதித்த நம்பிக்கை அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அது எனக்கு மிஞ்சும், அவள் மிஞ்சமாட்டாள்.

சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாட்கள் தலைகீழ் என்று சொன்னேன். உறையைச் சொன்னேன், மூடியைச் சொன்னேன், பஞ்சைச் சொன்னேன். பெற்ற மகளிடம் ஒரு தகப்பன் பேசுகிற பேச்சா அது? ஆனாலும் விடவில்லை. கடைசியில், "இந்தத் தாள்தான் உங்கம்மாவக் கொன்னுச்சு. நான் எழுதினதுதான்" என்றேன்.

அவள் பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "அம்மா தான் தப்பா எண்ணிட்டதா அழுவாங்க. நான் அப்ப தூங்கலப்பா, கேட்டிருக்கேன். நீங்க என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"ஆமான்னு சொன்னேன்."

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றும் பேசவில்லை, வியாழனும் பேசவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். கனகம் மாமியார் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "திங்கக்கிழமை டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வாறேன் அத்தை" என்றாள். சம்பந்தியம்மா நல்ல நாள் தவறுகிறது என்று முணுமுணுத்தார். கனகம் புருஷனைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு ஏதோ பேசினாள். வெகு நேரம் பேசினாள். அந்தப் பையன் வெளியே வந்து என் முன்னால் நின்று, "எத்தனை மணிக்குப் போகணும் மாமா? கடைய மூடிட்டு வந்துர்றேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும் போல இருந்தது.

இன்று சனிக்கிழமை. மத்தியானம் தட்டை வைத்துவிட்டு வழக்கம்போலப் போகாமல் நின்றாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"என்னத்தம்மா சொல்றது? அவதான் இல்லையே."

"என்கிட்ட சொன்னீங்க. அவர்கிட்ட நான் சொன்னேன். அம்மா மட்டும் இன்னும் தன் மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டே கெடக்காங்க. எழுதுங்க. எழுதி அச்சுல போடுங்க. உங்களுக்கு அச்சுல வந்தாத்தானே எதுவும் உண்மை. நாலு பேர் படிக்கட்டும். அதுக்கப்புறம் என்கிட்ட பேசுங்க."

சாப்பிடாமல் அச்சுக்கூடத்துக்கு வந்துவிட்டேன். இதை நானே அச்சுக் கோக்கிறேன். படிக்கிற ஆண்பிள்ளைகள் என்னைக் காறித் துப்பட்டும், பிறகு பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு ஒரு டாக்டரிடம் போகட்டும்.

திங்கட்கிழமை அவர்கள் இரண்டு பேரும் உள்ளே போகும்போது நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து பிள்ளையை வைத்துக்கொண்டு இருப்பேன். மருந்துக் கடையில் கேட்கவேண்டியதையும் நானே போய், பத்துப் பேர் நின்றாலும், உரக்கக் கேட்டு வாங்கி வருவேன். இது சத்தியம். கனகம் அதற்கப்புறமும் பேசாவிட்டால் பரவாயில்லை. அவள் உயிரோடு இருந்து என்னோடு பேசாமல் இருக்கட்டும்.

நீ எண்ணியது சரி, பார்வதி. ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

உன்னைத் திட்டிய உன் புருஷன்,
சிதம்பரம்